சக்கரத்துக்கு ஒரு ஞானத்தந்தை

கல்யாணத்தைப் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லிவைத்தவர்கள் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வந்ததில்லை. வந்திருந்தால், காருக்குச் சக்கரம் பூட்டிப் பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள். எவரிஸ்தோ ஒல்மேதோ வீட்டைக் கட்டி, அதற்கு இரண்டு முறை பெயின்ட்டும் அடித்துவிட்டார். தன் கல்யாணத்தைத் தாண்டி மகள் கல்யாணம் வரைக்கும் வந்துவிட்டார். சக்கர விஷயம் மட்டும் நகரவில்லை.

அவருடைய இம்பாலா அறுபத்து மூன்றாம் வருஷத்து வண்டி. காயலான் கடையில், பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்த நிலையில் அதைக் கண்டுபிடித்து, கோழியையும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு மகள் யாதிரா பள்ளிக்கூடம் சேர்ந்தாள், முடித்தாள், ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஆனாள். வண்டியும் கூடவே வளர்ந்தது. செர்ரிப் பழச் சிவப்பில், வெயில் பட்டால் உள்ளுக்குள் வெள்ளித் தூள் மினுங்குகிற பெயின்ட். வெள்ளைத் தோல் இருக்கைகள். வண்டியின் அடிப்பாகத்துக்கெல்லாம் குரோம் பூச்சு; அதைப் பார்க்க யாரும் தரையில் படுத்துச் சட்டையை அழுக்காக்க வேண்டாம் என்று கீழே கண்ணாடிகள் வேறு. டிக்கி நிறைய பாட்டரிகளும் எண்ணெய் பம்புகளும். டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள சுவிட்சைத் தட்டினால் உஸ்ஸென்ற சத்தத்தோடு வண்டி மண்டியிட்டுக் குனியும், தட்டினால் எழுந்திருக்கும். எல்லாம் இருந்தது. சக்கரம் மட்டும் இல்லை. நாலு இரும்பு முட்டுகளின் மேல் ஷெட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிக்கிற கதைதான்.

யாதிரா குழந்தையாக இருக்கும்போது, பஞ்சு பிதுங்கிய அந்தப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஷெட்டுச் சுவரை வேடிக்கை பார்ப்பாள். "உன் கல்யாணத்தன்னிக்குக் கோயில் வாசல்ல இந்த வண்டி உனக்காகக் குனியும்டா கண்ணு. நீ ராணி மாதிரி இறங்கலாம்," என்று அப்பா சொன்னார். அதுவரைக்கும் காத்திருக்க அவருக்கே பொறுமையில்லை. பெண் பிள்ளைகளுக்கு இவர்கள் கோயிலில் வைத்துப் பெரிதாகக் கொண்டாடுகிற பதினைந்தாம் பிறந்தநாள் விழாவுக்கே குனியும் என்று பிறகு ஒரு வாக்குறுதி கொடுத்தார். பதினைந்து வந்தது, சக்கரம் முடிவாகவில்லை. ஊதாக் கவுன் ஜன்னலுக்கு வெளியே பறக்க, தாய்மாமன் லெஞ்சோவின் பழ வண்டியில், தர்பூசணிகளுக்கு முன்னால் உட்கார்ந்து கோயிலுக்குப் போனாள். பள்ளி முடித்த விழாவுக்கும் அதே தர்பூசணி வண்டிதான்.

சக்கரம் ஏன் முடிவாகவில்லை என்றால், அது எவரிஸ்தோ தனியாக முடிவு செய்கிற விஷயம் இல்லை. அவர் லென்டோஸ் சங்கத்து உறுப்பினர். லென்டோஸ் என்றால் மெதுவாகப் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விட்டியர் வீதியில், தவழ்கிற குழந்தை முந்திவிடுகிற வேகத்தில் கார் ஓட்டுவது அவர்களுடைய தர்மம். பின் கண்ணாடியில் சங்கத்தின் பித்தளைத் தகடு தொங்கினால்தான் அது வண்டி; இல்லாவிட்டால் வெறும் போக்குவரத்துச் சாதனம். தகடு வேண்டுமென்றால் கூரையிலிருந்து டயர் வரைக்கும் சங்கம் மொத்தமும் பார்த்துத் தலையாட்ட வேண்டும். டயருக்கு மேலே இருக்கிற எல்லாவற்றுக்கும் எப்போதோ தலையாட்டிவிட்டார்கள்.

சக்கரத்தில்தான் சங்கம் இரண்டாகப் பிளந்திருந்தது. கம்பிச் சக்கரம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அது பதின்மூன்று அங்குலம்தான் இருக்க வேண்டும் என்பவர்கள் ஒரு கட்சி, பதினாலுதான் என்பவர்கள் ஒரு கட்சி. கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று கோர்ட்டு ஏறியவர்கள் நம்மிடமும் உண்டு. இவர்களுக்கு யானைகூட வேண்டாம், ஓர் அங்குலம் போதும். பதின்மூன்றுக் கட்சிக்குத் தலைவர் சாத்தோ வில்லாசெஞோர். சங்கத்துக்கும் அவரே தலைவர், யாதிராவுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையும் அவரே. பதினாலுக் கட்சிக்குத் தலைவர் லெஞ்சோ, எவரிஸ்தோவின் மனைவி டெல்ஃபினாவின் தம்பி. ஒரு பக்கம் கொம்பாத்ரே, அதாவது மகளின் ஞானத்தந்தை என்ற உறவு; மறுபக்கம் மைத்துனன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

கட்சிக்குள் உட்கட்சிகள் வேறு. கம்பிகள் நேராக ஓட வேண்டுமா, பின்னலாகவா. நடுவில் மாட்டுகிற குரோம் நட்டுக்கு இரண்டு காதா, மூன்று காதா. டயரின் வெள்ளை வளையம் சுண்டுவிரல் அகலமா, கட்டைவிரல் அகலமா. எவரிஸ்தோ அட்டையில் வட்டம் வட்டமாக வெட்டி, வெள்ளிப் பெயின்ட் அடித்து, வண்டிக்குப் பக்கத்தில் சாய்த்துவைப்பார். சங்கத்தார் தெருவுக்கு எதிர்ப்பக்கம் பீர் டின்களோடு நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, பெருமூச்சு விட்டுவிட்டு, அடுத்த வாரம் பேசுவோம் என்று கலைவார்கள். ஒருநாள் டெல்ஃபினா அடுப்பிலிருந்து ரொட்டிக்கல்லை இடுக்கியால் தூக்கிக்கொண்டு வந்து அட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். இதுவும் பதினாலு அங்குலம்தான், இதையே மாட்டிக்கொள், எண்ணெயும் ஏற்கனவே போட்டிருக்கிறது என்றாள். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் அது பதினாலரை இருக்கும் என்றார்.

இத்தனைக்கும் எவரிஸ்தோ சக்கரம் தெரியாதவர் இல்லை. நகரப் பஸ் டிப்போவில் அவருக்கு டயர் பார்க்கிற வேலை. காலையில் பஸ்கள் கிளம்புவதற்கு முன்னால் ஒவ்வொரு டயரையும் தட்டி, தடவி, பக்கவாட்டில் பொறித்திருக்கிற எண்ணை வைத்து அதன் வயதைப் படித்து, சந்தேகம் இருந்தால் சுண்ணாம்புக் கட்டியால் குறுக்கே ஒரு கோடு போட்டுவிடுவார். கோடு போட்ட பஸ் நகராது. மேலதிகாரி வந்து கெஞ்சினாலும் நகராது. ரப்பர் ஓடித் தேய்வதைவிட ஓடாமல் சாவதுதான் அதிகம் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வார். டிப்போவில் அவருக்கு அவ்வளவு கண்டிப்பு.

யாதிராவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை எஃப்ரெய்ன் நல்ல பையன், ஆனால் கார் என்பது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதற்கு என்று நம்புகிறவன்; எவரிஸ்தோ அவனைப் பெருந்தன்மையோடு மன்னித்திருந்தார். நிச்சயம் முடிந்த வாரம், மகள் சமையலறையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். கோபமாகப் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"அப்பா, மண்டபம் வேண்டாம்னு சொல்லுங்க, வேண்டாம். பாட்டுக் குழு வேண்டாம்னாலும் சரி. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அந்த வண்டியில நீங்க என்னைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும். குனியும்னு சொன்னீங்கள்ல?"

"குனியும்," என்றார் எவரிஸ்தோ.

"சக்கரம்?"

"அது ஆயிடும்."

"மாமா வண்டியில இன்னொரு தடவை தர்பூசணியோட போக மாட்டேன்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். இந்த முறை சங்கமாவது, கட்சியாவது, கடைக்குப் போய் நாலு சக்கரத்தை வாங்கி மாட்டிவிடுவது என்று எவரிஸ்தோ அன்றைக்கே முடிவு செய்தார். செய்திருப்பார். அதற்குள் சாத்தோவின் காதுக்குச் செய்தி போய்விட்டது.

இவர்கள் கல்யாணத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஞானத்தந்தை உண்டு. கேக்குக்கு ஒருவர், மோதிரத்துக்கு ஒருவர், மணமக்கள் முழந்தாளிடுகிற மெத்தைக்கு ஒருவர், பாட்டுக் குழுவுக்கு ஒருவர். உறவும் நட்பும் ஆளுக்கொன்றை ஏற்றுக்கொள்வார்கள். ஏற்றுக்கொண்டவர் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். கேக் உப்புக் கரித்தாலும் இனிக்கிறது என்று சொல்ல வேண்டும். மறுத்தால் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. சாத்தோ ஞாயிற்றுக்கிழமை பூங்காவில், சங்கத்தார் அனைவர் முன்னாலும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, இந்தக் கல்யாணத்தில் சக்கரத்துக்கு நான்தான் ஞானத்தந்தை என்று அறிவித்தார். ரிம்மும் டயரும் என் பொறுப்பு என்றார். இப்படியொரு பதவி உலகத்தில் யாருக்கும் தோன்றியதில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். எவரிஸ்தோவும் தட்டினார். லெஞ்சோ மட்டும் கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு எவரிஸ்தோ வீட்டு முற்றத்தில் பன்றி இறைச்சி வறுபட்டுக்கொண்டிருக்கும்போது சாத்தோ வந்தார். ரிம்கள் முதலில் இறங்கின. பதின்மூன்று அங்குலம், நூறு கம்பி, இரண்டு காது. பிறகு, பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் ஏந்தி, பழுப்புக் காகிதம் சுற்றிய நாலு பொட்டலங்களை ஒவ்வொன்றாக இறக்கினார். காகிதத்தைப் பிரித்ததும் எல்லோரும் வறுவலை விட்டுவிட்டு நெருங்கி வந்தார்கள். அந்த ஒல்லி டயர். வெள்ளை வளையம் போட்ட, இப்போது யாரும் செய்யாத, கிழவர்கள் கனவில் மட்டும் உருளுகிற அந்த டயர். தரையே படாத புத்தம் புதுசு.

சாத்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேலைக்குச் சேந்த மொத வருஷம் வாங்கினது. கட்டிலுக்குக் கீழயே வெச்சிருந்தேன். என் வண்டிக்கே மாட்ட மனசு வரல கொம்பாத்ரே. இதுக்குன்னு ஒரு நாள் வரும்னு இருந்தேன். அந்த நாள் வந்துடுச்சு."

டெல்ஃபினா கரண்டியும் கையுமாக நின்றிருந்தாள். "அப்போ இதுக்கு என்ன வயசு?" என்று கேட்டாள்.

பெண்களிடம் வயது கேட்கக் கூடாது என்பார்கள். அந்த முற்றத்தில் டயரிடம் கேட்டதற்கு அதைவிடப் பெரிய சங்கடம் உண்டாயிற்று. புதுசுக்கு வயசு கிடையாது என்று யாரோ சொன்னார்கள். ஆமாம், புதுசுக்கு ஏது வயசு என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். எவரிஸ்தோ குனிந்து ஒரு டயரின் பக்கவாட்டைத் தடவினார். பழக்கம் விடுமா? விரல் தானாக எண்ணுக்குப் போனது, கண் தானாகப் படித்தது. அந்த டயர் யாதிராவைவிட மூத்தது. அவள் அம்மாவை அவர் சந்திப்பதற்கும் முன்னால் பிறந்தது. டிப்போவாக இருந்தால் சுண்ணாம்புக் கோடுகூடப் போட்டிருக்க மாட்டார், நேராகக் குப்பைதான். ஆனால் சுற்றிலும் சங்கம் நிற்கிறது, கொம்பாத்ரே கண்ணைத் துடைக்கிறார், ஞானத்தந்தை கொடுத்ததைப் பதினாலுக் கட்சியும் மறுக்க முடியாது, நாளைக்கே தகடு தொங்கப்போகிறது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? எவரிஸ்தோ நிமிர்ந்து சாத்தோவைக் கட்டிக்கொண்டார்.

மறுநாள் டயர்களை ரிம்மில் ஏற்றும்போது அவை கருவாடு மாதிரி விறைத்துக்கொண்டு அடம்பிடித்தன. பக்கவாட்டில் முடி அளவுக்கு வெடிப்புகள் இருந்தன. டயர்ப் பாலிஷை எடுத்து ஒரு தேய்ப்புத் தேய்த்ததும் வெடிப்புகள் மறைந்துபோய், பார்க்கக் கொள்ளை அழகாக இருந்தது. அது அவருக்கே ஆறுதலாக இருந்தது என்பதுதான் அசிங்கம். இரண்டு முறை உண்மையைச் சொல்லிவிடுவதென்று சாத்தோ வீட்டுக்குப் போனார். முதல் முறை சாத்தோ அவரைப் படுக்கையறைக்கே அழைத்துப்போய், கட்டிலுக்குக் கீழே காலியாகக் கிடந்த இடத்தைக் காட்டி, ராத்திரி தூக்கம் வரவில்லை, ஆனால் மனசு நிறைந்திருக்கிறது என்றார். இரண்டாம் முறை சாத்தோவின் மனைவி, இத்தனை வருஷம் கழித்துப் பெட்டி வைக்க இடம் கிடைத்ததற்காக எவரிஸ்தோவின் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். இதற்குமேல் என்ன சொல்வது?

டெல்ஃபினா விடுகிறவள் இல்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள், துணி மடித்துக்கொண்டே, கணவரைச் செல்லப் பெயரில் கூப்பிட்டுக் கேட்டாள். "வாரோ, உன் டிப்போவுல இந்த டயருக்கு என்ன சொல்லுவ?"

"டிப்போ வேற, இது வேற."

"பஸ்ஸுல போறது யாரோ. இதுல போறது உன் பொண்ணு."

"மெதுவாத்தானே போறோம்," என்றார் எவரிஸ்தோ.

டெல்ஃபினா அவரையே பார்த்தாள். பிறகு மடித்த துணியை உதறி மறுபடியும் மடித்தாள். நான் கோயிலுக்கு முன்னாடியே போய்விடுகிறேன், வருகிறபோது வாருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

கல்யாண நாளன்று வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. இம்பாலாவைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. பின் கண்ணாடியில் பித்தளைத் தகடு தொங்கியது. சாத்தோவே தன் கையால் மாட்டி, கைக்குட்டையால் துடைத்துவிட்டிருந்தார். யாதிரா வெள்ளைக் கவுனை மடித்துச் சுருட்டிப் பின் சீட்டில் உட்கார்ந்தபோது, சின்ன வயதில் உட்கார்ந்த அதே இடம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கையால் இருக்கையைத் தடவிப் பார்த்தாள். கண்ணாடியில் அதைப் பார்த்த எவரிஸ்தோ, இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இத்தனை வருஷம் என்று நினைத்தார். சந்தோஷத்தில் டயர் ஞாபகம் வரவில்லை. வராமல் பார்த்துக்கொண்டார்.

முன்னால் சாத்தோவின் வண்டி, நடுவில் மணப்பெண், பின்னால் பழ வண்டியை வீட்டில் விட்டுவிட்டுத் தன் சங்கத்து வண்டியில் லெஞ்சோ, அவருக்கும் பின்னால் லென்டோஸ் மொத்தமும். விட்டியர் வீதியில் ஊர்வலம் ஊர்ந்தது. நடைபாதையில் ஜனம் கைதட்டியது. பழச்சாறு விற்கிறவன் குடையை விட்டு வெளியே வந்து, குனிய வை, குனிய வை என்று கத்தினான். இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். சிக்னல் சிவப்பு. கோயில் வாசல் வரைக்கும் பொறுத்திருக்கலாம். ஆனால் புது மாப்பிள்ளைக்குக்கூட இருக்கிற அடக்கம் புதுத் தகடு மாட்டியவனுக்கு இருப்பதில்லை. எவரிஸ்தோ சுவிட்சைத் தட்டினார்.

இம்பாலாவின் பின்பக்கம் உஸ்ஸென்று கம்பீரமாகத் தாழ்ந்தது. டிக்கியில் இருந்த பாட்டரிகளின் எடை முழுவதும் அந்த இரண்டு ஒல்லிக் கிழட்டு டயர்களின் மேல் இறங்கியது. படாரென்று ஒரு சத்தம். கல்யாண வெடி என்று ஜனம் ஆரவாரித்தது. வண்டி இன்னும் தாழ்ந்தது. என்ன ஒரு குனிவு என்று பழச்சாறு விற்கிறவன் தலையில் கை வைத்துக்கொண்டான். எவரிஸ்தோ பதறிப்போய் வண்டியை ஓரங்கட்டப் பார்த்தார். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நடைபாதைக் கல்லில் உரசியதும் இரண்டாவது டயரும் வாயைப் பிளந்தது. நூறு கம்பி ரிம் தார்ச்சாலையில் நறநறவென்று பல்லைக் கடித்தது. கைதட்டல் நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஸ்டெப்னி இல்லை. டிக்கியில் பாட்டரிக்கே இடம் போதவில்லை, ஸ்டெப்னிக்கு எங்கே போவது? லென்டோஸ் வண்டிகள் எதிலுமே இல்லை. சங்கம் இறங்கி வந்து சுற்றி நின்றது. லெஞ்சோ, தன் வண்டியின் பின் சக்கரங்கள் இரண்டையும் கழற்றித் தருவதாகவும், நட்டெல்லாம் சரியாகப் பொருந்தும் என்றும் சொன்னார். நல்ல மனிதர், கூடவே ஒரு வார்த்தையும் சொன்னார்: பதினாலாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

சாத்தோவுக்கு முகம் சிவந்துவிட்டது. முன்னால் பதின்மூன்று, பின்னால் பதினாலு, அதுவும் தகடு தொங்குகிற வண்டியில், அதுவும் விட்டியர் வீதியில். அதைவிட என்னைப் புதைத்துவிடு என்றார். டயர் மேல் குற்றமே இல்லை, ரோட்டில்தான் ஏதோ கிடந்திருக்கிறது என்றார். நாலைந்து பேர் உடனே குனிந்து ரோட்டில் ஆணி தேட ஆரம்பித்தார்கள்.

யாதிரா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, வேறு வண்டியில் போய்விடலாமே என்றாள். அதுதான் சரியென்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். சாத்தோ ஓடிப்போய்த் தன் வண்டியின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். லெஞ்சோவும் ஓடிப்போய்த் தன் வண்டியின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். மணப்பெண் வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்தபடி இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நின்றாள்.

"ஞானஸ்நானத்துல உன்னைக் கையில ஏந்தினவன் நான்," என்றார் சாத்தோ.

"உன் பதினஞ்சாம் பொறந்தநாளுக்கு யாரு கூட்டிட்டுப் போனா?" என்றார் லெஞ்சோ.

பதினாலில் ஏறினால் ஞானத்தந்தைக்குத் தலைக்குனிவு, பதின்மூன்றில் ஏறினால் தாய்மாமன் விருந்துக்கு வர மாட்டார். ஒரு காதுக்குப் பதின்மூன்றின் பெருமையும் மறு காதுக்குப் பதினாலின் பெருமையும் விழுந்தன. யாரோ இரண்டு வண்டியிலும் பாதிப் பாதித் தூரம் போகலாம் என்று சமரசம் சொன்னார்கள். அப்படியென்றால் கோயில் வாசலில் யார் வண்டி நிற்பது என்று அடுத்த சண்டை கிளம்பியது. யாதிரா அப்பாவைப் பார்த்தாள். அவர் நடைபாதை ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நெளிந்துபோன கம்பிகளைத் தடவிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான், வெகுநேரமாக ஊர்வலத்துக்குப் பின்னால் சிக்கி ஹாரன் அடித்து அலுத்துப்போன பஸ் ஒன்று மெல்ல வளைந்து வந்து நிறுத்தத்தில் நின்றது. டிரைவர் பெர்னிஸ், டிப்போவில் எவரிஸ்தோவுக்குத் தெரிந்தவள். கதவு திறந்தது. பெர்னிஸ் மணப்பெண்ணையும், இரண்டு பக்கமும் திறந்திருந்த கார்க் கதவுகளையும், தரையோடு தரையாகக் கிடந்த இம்பாலாவையும் பார்த்தாள். எங்கேம்மா போகணும் என்று கேட்டாள்.

"தேற்றரவு மாதா கோயிலுக்கு."

"என் ரூட்டுதான். ஏறு."

யாதிரா ஏறினாள். உள்ளே நின்றிருந்த ஒருவர் எலுமிச்சம்பழ மூட்டையை நகர்த்தி இடம் விட்டார். படியில் நின்று திரும்பி, "அப்பா, வர்றீங்களா? இல்ல வண்டியோட இருக்கீங்களா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. இரண்டில் எதைச் சொன்னாலும் ஆச்சரியப்பட மாட்டேன் என்கிற மாதிரி இருந்தது. எவரிஸ்தோவைச் சுட்டது அதுதான்.

அவர் எழுந்தார். சாத்தோ அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "கொம்பாத்ரே, இப்படி நடுத்தெருவுல விட்டுட்டுப் போனா எப்படி? ரிம்மு உரசுது. பசங்க வந்து கை வைப்பாங்க. ஒரு பத்து நிமிஷம்."

எவரிஸ்தோ சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து மூடினார். "டயர் உன்னுது. நீயே பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினார். இத்தனை வருஷத்தில் அவர் சங்கத் தலைவரிடம் பேசிய முதல் கடுமையான வார்த்தை அது.

பஸ் கிளம்பியது. லென்டோஸ் யாரும் போயிராத வேகத்தில் விட்டியர் வீதியில் போனது. அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கவுனின் வால் அவர் மடியில் கிடந்தது. எதிர் சீட்டுக் குழந்தை ஒன்று யாதிராவையே வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்த டயரைப் பத்தி உங்களுக்குத் தெரியும்ல?" என்று யாதிரா கேட்டாள்.

பொய் சொல்ல எவரிஸ்தோவின் நாக்கு எழுந்தது, பிறகு படுத்துக்கொண்டது. "தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"பிரிச்ச அன்னிக்கே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு நிறுத்தம் வந்து போனது. சிலர் இறங்கினார்கள், வாழ்த்துச் சொல்லிக்கொண்டே. எவரிஸ்தோவுக்குத் தன் கைகளைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஊரார் பெற்ற பிள்ளைகளையெல்லாம் இந்தக் கைதான் தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, நம்பகமான ரப்பர் மேல் அனுப்பிவைத்திருக்கிறது. தான் பெற்றதை ஒரு பித்தளைத் தகட்டுக்காகச் செத்த ரப்பர் மேல் ஏற்றியதும் இதே கைதான்.

"இந்த பஸ்ஸுக்கு டயர் யார் பாத்தது?" என்றாள் யாதிரா, திரும்பாமலே.

"நான்தான். நேத்து காலையில."

"அப்போ பயமில்ல," என்றாள். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. கொஞ்ச நேரம் கழித்து, பூச்செண்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, கோணிக் கிடந்த அவருடைய டையை நேராக்கிவிட்டாள்.

தேற்றரவு மாதா கோயில் வாசலில் பெர்னிஸ் பஸ்ஸை நடைபாதையோடு ஒட்டி நிறுத்தினாள். கோயில் படிகளில் டெல்ஃபினா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். பஸ்ஸைப் பார்த்தாள், ஜன்னலில் தெரிந்த மகளைப் பார்த்தாள், பின்னால் வெறிச்சோடிக் கிடந்த தெருவைப் பார்த்தாள். யாரிடமும் எதுவும் கேட்காமல் உள்ளே திரும்பி, பாட்டை ஆரம்பிக்கச் சொல்லிக் கை காட்டினாள்.

கதவு திறந்ததும் பெர்னிஸ் ஒரு பொத்தானை அழுத்தினாள். உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டு, பஸ்ஸின் வாசல் பக்கம் மெல்லத் தாழ்ந்து, படி நடைபாதைக்குச் சமமாக வந்து நின்றது. முழங்கால் வலிக்காரர்களுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் அவள் தினமும் செய்வதுதான். எவரிஸ்தோ டிப்போவில் எத்தனையோ முறை கேட்ட சத்தம், ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

யாதிரா படியில் நின்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

"குனிஞ்சிடுச்சுப்பா," என்றாள்.

எவரிஸ்தோ பூச்செண்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். முதலில் தான் இறங்கி, மகளுக்குக் கை கொடுத்து இறக்கினார். இறக்கும்போது பழக்கதோஷத்தில் அவர் கண் பஸ்ஸின் முன் டயருக்குப் போனது.

"அப்பா," என்றாள் யாதிரா.

அவர் கண்ணை எடுத்துக்கொண்டு மகளோடு படியேறினார்.